வீட்டு அடமானமும் தவணைப் பாக்கியும்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. மீன்பிடித் தொழிலையே நம்பி வாழும் ஊர். 2023 டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கழிமுகத்தில் பரவியபோது, இவ்வூராரும் அண்டைக் குப்பத்தாரும் படகை எடுக்க இயலாமல் கரையில் நின்றனர். வலைகள் எண்ணெயில் தோய்ந்து பயனற்றுப் போயின. தமிழக அரசாங்கம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் ஒதுக்கியது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். ஏனைய 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 787 படகுகளைப் பழுது பார்க்கத் தலா 10,000 ரூபாய்.

இத்தொகை போதுமா, போதாதா என்பது வேறு விவாதம். அங்கத்தினர்கள் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். இத்தகைய ஒரு குடும்பத்தின் மகன் எர்ணாவூரிலோ திருவொற்றியூரிலோ ஒரு சிறு வீட்டை வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 6,000 ரூபாய். பெற்றோரின் மீன் வருமானமும் அவனது கூலியும் சேர்ந்தால்தான் தவணை கட்ட முடியும். 12,500 ரூபாய் முழுவதையும் உலைக்கு அரிசி வாங்காமல் வங்கியிலேயே கட்டினாலும் இரண்டு தவணைக்குத்தான் வரும். மூன்றாம் மாதம் என்ன செய்வது?

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. நூல் விலை ஏறிப் பாவு கிடைக்காத மாதங்களும், மழை பொய்த்த பருவமும் அவர்கள் அறிந்தவையே. பருவத்தை நம்பி வரும் வருமானத்தைக் கொண்டு மாதந்தோறும் தவறாமல் கட்ட வேண்டிய கடனைத் தீர்க்க முயல்வதில்தான் தொல்லை தொடங்குகிறது. அவ்வாறு தவணை தவறியவர்களுக்கு அரசாங்கங்கள் இதுவரை என்ன செய்தன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் மாகாணத்தில் கடன் நிவாரணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1938-ஆம் ஆண்டில் ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. பழைய கடன்களில் ஏறிக் கிடந்த வட்டிப் பாக்கியை அது தள்ளியது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கனவே செலுத்தியவரின் கடன் தீர்ந்ததாகவே கருதியது. பல்லாயிரம் குடியானவர்கள் அதனால் மூச்சு விட்டனர். ஆனால் அச்சட்டத்தின் விதிவிலக்குகளைப் படிப்பவர் ஓரிடத்தில் நின்று யோசிப்பார்: நகராட்சி எல்லைக்குள் உள்ள வீட்டை மட்டும் ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. நகரத்து வீட்டுக்காரர் வசதி படைத்தவர் என்ற எண்ணமே இதற்குக் காரணமாயிருக்க வேண்டும். ராயபுரத்தில் ஒற்றை அறையும் திண்ணையுமாக வீடு வைத்திருந்த துறைமுகத் தொழிலாளியும் அந்த எண்ணத்தில் அகப்பட்டுக்கொண்டார்.

பின்னர் 1975-ஆம் ஆண்டு முதல் 1980-ஆம் ஆண்டு வரை வரிசையாகக் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. அவை தனியாரிடம் பட்ட கடன்களைப் பற்றியவை. வங்கிக் கடனையும் கூட்டுறவுச் சங்கக் கடனையும் தொடவில்லை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு நிறுவனங்களில் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டு, ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக் கடனுக்கும் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பெற்ற நம் அங்கத்தினர்கள் மீது யாருக்கும் பொறாமை இல்லை. எனினும் நிலத்தின் பேரில் பட்ட கடனையும் நகையின் பேரில் பட்ட கடனையும் கண்ட அரசாங்கத்தின் கண்ணுக்கு, குடியிருக்கும் வீட்டின் பேரில் பட்ட கடன் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகப் புலப்படாமலே இருந்து வருகிறது.

சட்டம் வீட்டை அறவே காக்கவில்லை என்று சொல்வதும் சரியன்று. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 60-ஆவது பிரிவில், விவசாயியோ தொழிலாளியோ வீட்டு வேலையாளோ தாமே குடியிருக்கும் சொந்த வீட்டைக் கடனுக்காக ஜப்தி செய்யலாகாது என்கிறது. கைவினைஞரின் தொழிற்கருவிகளுக்கும் அதே காப்பு உண்டு. ஆனால் கைமாற்றுக் கடனுக்குத்தான் இக்காப்பு உதவும். அந்த வீட்டையே ஈடு எழுதிக் கொடுத்துவிட்டால் காப்பு போய்விடுகிறது. வங்கிகள் நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் (சர்ஃபேசி சட்டம் என்று வழங்குவது) இதனைத் தெளிவாகவே உரைக்கிறது. அதே சட்டம் விவசாய நிலத்தின் மீதான ஈட்டைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகையால் நம் இதழின் நேயர்களுள் விவசாயிக்கு ஒரு நிலை, நெசவாளருக்கு வேறு நிலை. விவசாயியின் வயல் இச்சட்டத்தின் பிடியில் வராது. நெசவாளரின் வீடு வரும். அவருடைய தறியை ஜப்தி செய்ய இயலாது, ஆனால் தறி நிற்கும் கூடத்தை ஏலம் விடலாம். குழித்தறியைத் தோளில் சுமந்துகொண்டு வாடகை வீடு தேட முடியுமா என்பதை அச்சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இச்சட்டத்தின் நடைமுறையை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அக்கடனை வாராக்கடன் வகையில் சேர்த்துவிடும். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அக்கெடுவும் கழிந்தால் வீட்டைத் தன் வசம் எடுக்க வங்கிக்கு அதிகாரம் பிறக்கிறது. அதாவது முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதம். நோட்டீஸைப் பெற்றவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பலர் இதனை அறியாமல் நோட்டீஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வங்கி நடவடிக்கை எடுத்த பின் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆனால் அது ஏல அறிவிப்பு வெளியாகும் வரையில்தான். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பொருள் இதுவே என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு ஓடிப் போய் நிற்கலாம் என்று முன்னோர் காலத்துப் பழக்கத்தை நம்பியிருப்பவர் ஏமாந்து போவார். கூட்டுறவு வங்கிகளும் இச்சட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று 2020 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருப்பதால், நம் வங்கிதானே என்று அசட்டையாக இருப்பதற்கும் இடமில்லை.

வீட்டுக் கடன்காரருக்கென நாடு தழுவிய நிவாரணம் ஒருமுறை வந்தது. கொரோனா நோயின் காரணமாக ஊரடங்கு வந்த 2020 மார்ச் மாதத்தில், 27-ஆம் தேதி, தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது; மே மாதத்தில் அதனை ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. ஆறு மாத காலம் எவரும் கதவைத் தட்டவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வேலை நின்ற குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒத்திவைப்பே தவிரத் தள்ளுபடி அன்று. அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் பயனாக 2020 அக்டோபரில், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசாங்கமே செலுத்த முன்வந்தது. 2021 மார்ச் 23-ஆம் தேதித் தீர்ப்பில் நீதிமன்றம் இச்சலுகையை எல்லாக் கடன்களுக்கும் விரித்தது. முழு வட்டியையும் தள்ள வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. பத்திரிகைகள் இதைப் பெரும் வெற்றியாக எழுதின. கணக்கைப் பாருங்கள்: 8 சதவிகித வட்டியில் 10 லட்சம் ரூபாய் பாக்கியுள்ளவருக்கு ஆறு மாதத் தனி வட்டி 40,000 ரூபாய். மாதக் கூட்டு வட்டியாகப் போட்டால் 40,673 ரூபாய். நாடே பேசிய சலுகையால் அவருக்கு மிஞ்சியது 673 ரூபாய். 40,000 ரூபாய் அவர் தலையிலேயே நின்றது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020 பிப்ரவரி இறுதியிலேயே வாராக்கடன் பட்டியலில் விழுந்திருந்தவர்களுக்கு அந்த 673 ரூபாயும் இல்லை. யார் ஏற்கனவே மூழ்கிக்கொண்டிருந்தார்களோ அவர்களை விட்டுவிட்டுப் படகு புறப்பட்டது என்றுதான் கூற வேண்டும்.

அந்தக் களைப்பு தீருமுன் வேறோர் அலை வந்தது. 2022 மே மாதத்தில் 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவிகிதமாக உயர்த்தியது. விலைவாசியை அடக்க அது தேவைப்பட்டிருக்கலாம். மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர் நிலை என்னாயிற்று? 7 சதவிகிதத்தில் 10 லட்சம் ரூபாயை 20 ஆண்டுத் தவணையில் வாங்கியவருக்கு மாதம் 7,753 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பின் அவருடைய அசல் ஏறத்தாழ 9,76,000 ரூபாயாக இருக்கும். வட்டி 9.5 சதவிகிதமாக ஏறிவிட்டால், அந்த மாதத்து வட்டி மட்டுமே 7,728 ரூபாய். தவணையை உயர்த்தாமல் வங்கி காலத்தை மட்டும் நீட்டினால், அவர் கட்டும் 7,753 ரூபாயில் அசலுக்குப் போவது 25 ரூபாய். ஒரு நாளும் தவறாமல் கட்டுகிறார். கடன் அசையாமல் கிடக்கிறது. இப்படிப்பட்டவர் பாக்கிதாரர் பட்டியலில் இல்லை என்றாலும், ஒரு மாதம் மீன் கிடைக்காவிட்டால் அங்கே வந்துவிடுவார். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்டே செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதிதான், ஏற்றம் முடிந்த பிறகு வந்தது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1930-களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வீடு இழக்கும் நிலையில் இருந்தனர். 1933-இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் வீட்டுக்காரர் கடன் கழகம் என்ற ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அது தவணை தவறியவரின் கடனைப் பழைய கடன்காரரிடமிருந்து கடன் பத்திரம் கொடுத்து வாங்கிக்கொண்டு, குறைந்த வட்டியில் 15 ஆண்டுத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. மூன்றே ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் வீடுகளின் கடனை ஏற்றது. அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிறகும் வீட்டை இழந்தார், மற்றவர்கள் தப்பினர். 1951-இல் கணக்கை முடித்தபோது கழகத்திற்குச் சிறு இலாபமே மிஞ்சியது. தர்மமாகக் கொடுத்த பணமன்று, கால அவகாசமாகக் கொடுத்த பணம் திரும்பி வந்தது. இக்கழகமே பிற்காலத்தில் நகரங்களின் வரைபடங்களில் கறுப்பர்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று சிவப்பு வண்ணமிட்டுக் காட்டியது என்பதையும் மறைக்கலாகாது. ஆலைப் புகையும் சாம்பல் கழிவும் சூழ்ந்த வடசென்னையில் வீடு வைத்திருப்பவர், தம் பகுதிக்கும் எவரேனும் அவ்வாறு வண்ணமிட்டுவிடுவரோ என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு.

இங்கிலாந்தில் 2008-ஆம் ஆண்டு முதல், வீட்டைக் கேட்டு நீதிமன்றம் செல்லுமுன் கடன் கொடுத்தவர் வேறு வழிகளை ஆராய்ந்திருக்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. இலங்கையில், வங்கிகள் நீதிமன்றமின்றி ஈட்டை ஏலம் விடும் அதிகாரத்தைப் பொருளாதார நெருக்கடியின் காரணமாக 2024-இல் பாராளுமன்றம் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. அங்கெல்லாம் பாக்கிதாரர் பேச்சுக்குரிய மனிதராகக் கருதப்பட்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம் வடசென்னைக்குத் திரும்புவோம். இங்கே அரசாங்கமே கடன் கொடுத்தவராக நின்ற வீடுகள் ஏராளம். 1977-இல் உலக வங்கியின் கடனுதவி பெற்ற சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கம் ஆகிய இடங்களில் ஏழைகளுக்கு மனைகள் தவணை முறையில் அளிக்கப்பட்டன. 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியமும் வீட்டு வசதி வாரியமும் அவ்வாறே ஒதுக்கீடு செய்தன. தவணை முழுவதும் தீர்ந்த பின்பே கிரயப் பத்திரம் என்பது விதி. தவணை தவறியோரை வீதியில் நிறுத்த எந்த மந்திரியும் துணியமாட்டார். ஆகையால் நடந்தது என்னவெனில், எவரும் வெளியேற்றப்படவில்லை, எவருக்கும் பத்திரமும் வரவில்லை. அபராத வட்டி ஆண்டுதோறும் வளர்ந்தது. அது அசலையும் விஞ்சி நின்ற பிறகு, ஒரே தவணையில் கட்டுவோருக்கு அபராத வட்டி தள்ளுபடி என்று அறிவிப்பு வரும். வீட்டு வசதி வாரியம் இத்தகைய அறிவிப்பை ஒரு முறைக்கு மேல் செய்திருக்கிறது.

இம்முறையைப் பற்றி எமது அபிப்பிராயத்தைத் திறந்து சொல்லிவிடுகிறோம். ஒரே தவணையில் கட்டப் பணம் உள்ளவரே தள்ளுபடியைப் பெறுகிறார். பணம் இல்லாதவர் அடுத்த அறிவிப்பை எதிர்நோக்குகிறார். நேர்மையாக மாதந்தோறும் கட்டியவரோ, தாமும் காத்திருந்திருக்கலாமே என்று நினைக்கிறார். பத்தாண்டு கழித்து ஒரு லட்சம் ரூபாய் அபராத வட்டியைத் தள்ளுவதைவிட, தொழில் நின்ற முதல் ஆறு மாதத்தில் அபராதமே போடாதிருப்பது அரசாங்கத்திற்கும் குறைந்த செலவு, குடும்பத்திற்கும் உண்மையான உதவி. எண்ணெய் படிந்த கழிமுகத்தில் வலை வீச முடியாதென்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு நிவாரணப் பட்டியல் எழுதுகிறது. அதே பட்டியலில் பெயர் உள்ளவரின் வீட்டுத் தவணையை அத்தனை மாதத்திற்கு ஒத்திவைத்து, அம்மாதங்களின் வட்டியில் ஒரு பங்கை நிவாரண நிதியிலிருந்து கட்டுவதற்குப் புதிய இலாகா எதுவும் தேவையில்லை. 90 நாள் கெடு முடியுமுன் அது நடக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இப்போது நம் வீட்டு விஷயம். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் வங்கிகள் அல்ல. 1959-இல் அமைந்த மாநில இணையத்திலிருந்து பணம் பெற்று அங்கத்தினருக்குக் கடன் கொடுப்பவை. பாக்கி நின்றால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 90-ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடர்ந்து, தீர்ப்பு பெற்று, அதனை நிறைவேற்றுவது வழக்கம். சர்ஃபேசி சட்டத்தைவிட மெதுவான வழி. அந்த மெதுவைச் சில சங்கங்கள் தூக்கத்திற்குப் பயன்படுத்திக்கொண்டன என்பதும் நாம் அறியாததன்று. பத்துப் பேர் கட்டாவிட்டால் சங்கம் இணையத்திற்குக் கட்ட இயலாது. அடுத்து மனுச் செய்தவருக்கு வீடு இல்லை. பாக்கிதாரர் மீது இரக்கம் காட்டும்போது இதையும் மறக்கக்கூடாது.

ஆனால் வங்கிக்கு இல்லாத ஒரு வசதி சங்கத்திற்கு உண்டு. தறி ஏன் நின்றது, படகு ஏன் கரையேறிக் கிடக்கிறது என்பது பஞ்சாயத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பாமலே தெரியும். முதல் தவணை தவறிய மாதத்திலேயே அங்கத்தினரை அழைத்துப் பேசி, தொழில் நின்ற காலத்தை எழுத்தில் பதிந்து, தவணையை மாற்றி அமைப்பதற்கான தீர்மானத்தைப் பதிவாளரின் அனுமதியோடு நிறைவேற்றலாம். ரிசர்வ் வங்கி தன் கீழுள்ள வங்கிகளுக்கும் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் 2023 ஆகஸ்டில் ஓர் உத்தரவு பிறப்பித்தது: தவணை தவறியதற்கு விதிக்கும் அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக்கூடாது, அதன் மேல் மறு வட்டியும் போடக்கூடாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதமே மற்றோர் உத்தரவும் வந்தது: கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்காரருக்குச் செலுத்த வேண்டும்.

இவ்வுத்தரவுகள் வீட்டு வசதிச் சங்கங்களைக் கட்டுப்படுத்தா. தாமே முன்வந்து ஏற்பதற்குத் தடையும் இல்லை. அடுத்த பொதுப் பேரவையில் அங்கத்தினர் எவரேனும் எழுந்து, அபராத வட்டிக்கு நம் சங்கம் மறு வட்டி போடுகிறதா, கடன் தீர்த்தவர்களுள் எத்தனை பேரின் பத்திரங்கள் இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன என்ற இரு கேள்விகளைக் கேட்டு, பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் செய்வாராக.